வன்னியில் வீடு குடிபூரல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கத்தில் கதிரை, பந்தல், கிடாரம் வாடகைக்குக் கொடுப்பது என் தொழில். குடிபூரலுக்கு, அதாவது வீட்டில் குடிபுகும் சடங்குக்கு, சாமான் கேட்டு வருகிறவர்களில் பாதிப்பேர், எத்தனை கதிரை வேண்டும் என்று சொல்வதற்கு முன்பே ஒரு சந்தேகத்தைக் கேட்டுவிடுகிறார்கள். ஐயர் ஒன்று சொல்கிறார், மாமி இன்னொன்று சொல்கிறார், நீங்கள் பல வீடு பார்த்தவர், சொல்லுங்கள் என்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன். நான் சாத்திரம் படித்தவனல்ல. ஐயர்மார் சொல்லக் கேட்டதும் முற்றத்தில் நின்று பார்த்ததும்தான் என் படிப்பு. பெரும்பாலும் சைவ வீடுகளை மனதில் வைத்து எழுதியது. மற்றவர்களுக்கும் ஒரு பதில் கீழே உண்டு.

குறைந்தபட்சம் என்னென்ன செய்தால் அது குடிபூரல்?

நல்ல நேரத்தில் வாசலில் நிறைகுடம் வைத்து, குத்துவிளக்கு ஏற்றி, சாமிப்படத்தோடு வலது காலை எடுத்து வைத்து உள்ளே போய், பால் காய்ச்சிப் படைத்து, வீட்டில் இருக்கப்போகிறவர்கள் அதைக் குடிப்பது. இவ்வளவுதான் குடிபூரல். ஓமம், பசுக்கன்று, பந்தல், மதியச் சாப்பாடு, வீடியோக்காரர் எல்லாம் வசதிக்கு ஏற்றபடி சேர்த்துக்கொள்பவை. அவை இல்லாததால் எந்த வீடும் குறைந்துபோனதில்லை.

உள்ளே போகும்போது ஒருவரும் வெறுங்கையோடு போகக் கூடாது என்பார்கள். தாய் கையில் விளக்கு, தகப்பன் கையில் சாமிப்படம், பிள்ளைகள் கையில் அரிசி, உப்பு, மஞ்சள், தண்ணீர் என்று பிரித்துக் கொடுத்துவிடுங்கள். நேரம் வந்த பிறகு "உப்பை யார் எடுத்தது" என்று தேடுவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது.

எந்த மாதத்தில் வைக்கலாம்?

சித்திரை, வைகாசி, ஆவணி, ஐப்பசி, கார்த்திகை, தை ஆகியவற்றையே பெரும்பாலும் எடுக்கிறார்கள். ஆடி, புரட்டாசி, மார்கழி, பங்குனி மாதங்களைத் தவிர்ப்பார்கள். ஆனியும் மாசியும் ஐயருக்கு ஐயர் வேறுபடும். நாள் பார்க்கும்போது செவ்வாய்க்கிழமை, கரிநாள், மரணயோகம், வீட்டுக்காரருக்குச் சந்திராட்டமம் உள்ள நாள் ஆகியவற்றை விலக்குவார்கள். பிறகு இராகுகாலம்: திங்கள் என்றால் காலை 7.30 முதல் 9.00 வரை, வெள்ளி என்றால் 10.30 முதல் 12.00 வரை.

இது பஞ்சாங்கம் சொல்வது. வன்னி சொல்வது வேறு. ஐப்பசி, கார்த்திகை நல்ல மாதங்கள்தான். ஆனால் வடகீழ்ப் பருவமழை கொட்டும் காலம். செம்மண் ஒழுங்கையில் பந்தல் ஏற்றிவந்த லாண்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்) புதைந்தால் கதிரைகளைத் தலையில் சுமந்துதான் வர வேண்டும். மாவீரர் வாரமான நவம்பர் 21 முதல் 27 வரையிலும், முள்ளிவாய்க்கால் நினைவு வாரமான மே 12 முதல் 18 வரையிலும் கொண்டாட்டம் வைப்பதற்கு இங்கே பலருக்கு மனம் வராது. அழைப்புச் சொல்லப் போகும் உங்களுக்கும் சங்கடம். வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்கட்கிழமை வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கல். அந்த நாளில் முல்லைத்தீவுப் பக்கத்தில் சமையற்காரரும் கிடைக்கமாட்டார், சனமும் கிடைக்காது.

என்னைக் கேட்டால் தை. மழை விட்டிருக்கும், கிணறு நிறைந்திருக்கும், புது நெல் வரத் தொடங்கியிருக்கும். ஒன்றை மட்டும் பாருங்கள்: காலபோக (மாரிகாலப் பயிர்) அறுவடை உங்கள் ஊரில் எந்தக் கிழமை உச்சமாக இருக்கும் என்று விசாரியுங்கள். வெட்டு மெசின் வயலில் நிற்கும் அன்று எந்தக் கமக்காரரும் உங்கள் பந்தலுக்கு வரமாட்டார்.

எங்கள் வீட்டில் வாக்கியம், மாப்பிள்ளை வீட்டில் திருக்கணிதம். இரண்டிலும் நேரம் வேறு. எதை எடுப்பது?

வாக்கிய பஞ்சாங்கம் பழைய வாய்பாட்டுச் சூத்திரங்களால் கணிக்கப்படுவது; திருக்கணிதம் கோள்களின் இன்றைய நிலையை அவதானித்துத் திருத்திக் கணிப்பது. அதனால் திதியும் நட்சத்திரமும் தொடங்கும், முடியும் நேரங்கள் இரண்டிலும் ஒத்துவருவதில்லை. வீட்டில் இருக்கப்போகிறவர்கள் வழமையாக எதைப் பார்க்கிறார்களோ அதை எடுங்கள். கோயிலுக்கும் விரதத்துக்கும் ஒன்று, குடிபூரலுக்கு இன்னொன்று என்று மாற்ற வேண்டாம். இரண்டு பஞ்சாங்கத்திலும் பொதுவாக நன்றாக இருக்கும் அரை மணித்தியாலம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், சம்பந்திமார் சண்டை இல்லாமல் முடிந்துவிடும்.

அண்ணா கனடாவிலிருந்து ஆடியில்தான் வருகிறார். அவர் காசில்தான் வீடு எழுந்தது. ஆடி 11 வாஸ்து நாள்தானே, அன்று வைக்கலாமா?

வாஸ்து புருடன் விழித்திருக்கும் நாட்கள் என்று ஆண்டில் எட்டு நாட்களைச் சொல்வார்கள். ஆடி 11 அதில் ஒன்று, உண்மை. ஆனால் அவை மனை கோலி அத்திவாரம் போடுவதற்கான நாட்கள், குடிபுகுவதற்கானவை அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

ஆடி பெரும்பாலும் யூலை 17 அளவில் பிறந்து ஓகஸ்ட் 16 அளவில் முடியும். வெளிநாட்டுப் பாடசாலை விடுமுறை ஓகஸ்ட் முடியும்வரை இருக்கும். ஆகவே டிக்கெட் போடுவதற்கு முன்பே அண்ணாவிடம் சொல்லி, திரும்பும் நாளை ஓகஸ்ட் 20க்குப் பின்னால் தள்ளச் சொல்லுங்கள். ஆவணி முதல் வாரத்தில் நல்ல நாள் ஒன்று அகப்படும். டிக்கெட் போட்டாயிற்று என்றால், நல்ல மாதத்தில் நீங்கள் பால் காய்ச்சிக் குடிபுகுந்துவிட்டு, அண்ணா நிற்கும்போது உறவுகளைக் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுங்கள். சாப்பாட்டுக்கு ஆடி தடையில்லை.

வீடு முழுதாக முடியவில்லை. உள்பூச்சு பாதி, நிலம் வெறும் சீமெந்து. குடிபூரலாமா?

கதவு போடாத, கூரை மூடாத, பலியும் உணவும் கொடுக்காத வீட்டுக்குள் புகக் கூடாது என்பது பழைய விதி. அதைத் திருப்பிப் பாருங்கள்: கூரை மூடி, முன்வாசலுக்குக் கதவு போட்டு, பூசை செய்து நாலு பேருக்குச் சோறு போட்டால் புகலாம். பூச்சு, பெயின்ற், மாபிள் பற்றி விதியில் ஒரு சொல்லும் இல்லை. பூச்சு முடியட்டும் என்று காத்திருந்து, தகரக் கொட்டிலுக்குள் இன்னொரு மாரியைக் கழித்த குடும்பங்களை எனக்குத் தெரியும். தேவையில்லாத பாடு.

யன்னல்களுக்கு இன்னும் கதவில்லை என்றால் அன்றைக்குத் தறப்பாள் அடித்துக்கொள்ளுங்கள். ஓமப் புகை போக வழி விட்டு அடியுங்கள்.

இது புதுவீடு இல்லை. சண்டையில் கூரை போய், சுவரில் செல் பட்டுக் கிடந்த அப்பாவின் வீட்டைத் திருத்தியிருக்கிறோம். இதற்கும் குடிபூரல் உண்டா?

உண்டு. குடிபுகுதலை மூன்று வகையாகப் பிரிப்பார்கள் என்று ஐயர் ஒருவர் எனக்குச் சொன்னார். முற்றிலும் புதிய வீட்டுக்குப் போவது அபூர்வம். நெடுநாள் விட்டுப்போயிருந்த வீட்டுக்குத் திரும்புவது சபூர்வம். தீ, வெள்ளம் போன்றவற்றால் சேதமான வீட்டைத் திருத்திக்கொண்டு புகுவது துவந்துவம். 2009இல் விட்டுவிட்டு ஓடி, அதற்குப் பிறகு மீள்குடியேறிய வன்னிச் சனத்துக்குப் பின்னைய இரண்டும் ஒன்றாகப் பொருந்தும்.

வேறுபாடு என்னவென்றால், அபூர்வத்துக்குப் பார்ப்பதுபோல மாதம், அயனம் என்று இறுக்கமாகப் பார்க்க வேண்டியதில்லை. நல்ல நாளும் நேரமும் போதும் என்று பல ஐயர்மார் சொல்கிறார்கள். ஆனால் வாஸ்து சாந்தியை விடமாட்டார்கள். முதல்நாள் இரவு வைக்கோலால் உருவம் செய்து, தீ மூட்டி, வீட்டைச் சுற்றி இழுத்துக்கொண்டுபோய் வெளியே விடுவார்கள், நீற்றுப்பூசணிக்காய் வெட்டுவார்கள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் வளவெல்லாம் காய்ந்த புல்லாக இருக்கும். இரண்டு வாளி தண்ணீரோடு ஓர் இளந்தாரியைப் பின்னால் விடுங்கள்.

சில குடும்பங்கள் செல் துளை ஒன்றைப் பூசாமல் அப்படியே விட்டிருக்கின்றன. அதைச் சொல்லி "குறையோடு புகலாமா" என்று கேட்கிறார்கள். மேலே சொன்ன கதவும் கூரையும் சரியாக இருந்தால் போதும். சுவரில் எதை விடுவது, எதைப் பூசுவது என்பது உங்கள் விருப்பம்.

வீட்டுத்திட்ட வீட்டுக்கு அப்போதே பால் காய்ச்சினோம். இப்போது முன்னுக்கு விறாந்தையும் பின்னுக்குக் குசினியும் சேர்த்திருக்கிறோம். திரும்பவும் வைக்க வேண்டுமா?

இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கட்டம் கட்டமாகக் கொடுத்தார்கள், கட்டியது குடும்பங்களே. அந்தக் காசில் சுவரும் கூரையும் எழுந்ததே பெரிய காரியம், குடிபூரலுக்கு எங்கே போவது? பால் மட்டும் காய்ச்சிய வீடுகள்தான் அதிகம். அதுவே முழுக் குடிபூரல், முதல் கேள்வியின் பதிலைப் பாருங்கள்.

விறாந்தைக்கு ஒன்றும் தேவையில்லை. குசினியை வேறு இடத்துக்கு மாற்றினால் அங்கே ஒரு நல்ல நேரத்தில் பால் காய்ச்சுங்கள். முன்வாசல் நிலையையே மாற்றி வைத்திருந்தால் நிலைக்குப் பூசை உண்டு; அதையும் இதையும் ஒரே காலையில் முடிக்கலாம்.

ஐயர் கட்டாயம் வேண்டுமா? எங்கள் ஊருக்கு ஐயர் வருவதென்றால் மல்லாவியிலிருந்து வர வேண்டும்.

ஓமமும் வாஸ்து சாந்தியும் செய்வதென்றால் வேண்டும். பால் காய்ச்சிப் புகுவதற்கு ஊர்க் கோயில் பூசகரோ, குடும்பத்தில் மூத்த ஒருவரோ போதும். தேவாரம் பாடத் தெரிந்த பிள்ளை ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

ஐயரைக் கூப்பிடுவதென்றால் நல்ல முகூர்த்த நாளில் அவருக்கு மூன்று வீடு இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். தட்சணை, பிரயாணச் செலவு, பூசைச் சாமான் யார் வாங்குவது என்ற மூன்றையும் முன்கூட்டியே பேசுங்கள். அவரைக் கூட்டிவர மோட்டார் சைக்கிளோடு ஒருவரை ஒதுக்குங்கள். நேரம் தவறுவதற்கு முக்கால்வாசிக் காரணம் சாத்திரமல்ல, வாகனம்.

பசுவையும் கன்றையும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டுமாம். மாபிள் பதித்திருக்கிறோம், பயமாக இருக்கிறது.

பயம் சரியானது. மினுக்கிய தரையில் மாட்டின் குளம்பு நிற்காது. முன்னங்கால் இரண்டும் விரிந்து வழுக்கி விழுந்தால் அதற்குக் கால் முறியும். பிறகு கன்று மிரண்டு ஓடும், விளக்குச் சரியும். வாசலிலிருந்து நடுமண்டபம்வரை நனைத்த சாக்கை இரண்டு மடிப்பாக விரியுங்கள். உலர்ந்த சாக்கும் மாபிளில் வழுக்கும், ஆகவே நனைத்துப் பிழிந்தது. கன்றை முன்னால் விட்டால் பசு தானாகப் பின்னால் வரும், இழுக்கத் தேவையில்லை. ஒலிபெருக்கியை அந்தப் பத்து நிமிடம் நிறுத்திவிடுங்கள்.

ஊர்ச் சனத்தோடு பழகிய, கறக்கும் வீட்டுப் பசுவாகப் பார்த்துக் கேளுங்கள். பட்டி மாட்டைப் பிடித்து வர வேண்டாம். வாசல்படிவரை கொண்டுவந்து பூசை செய்து அனுப்பினாலும் போதும் என்றுதான் பெரும்பாலான ஐயர்மார் சொல்கிறார்கள்.

பாலை கேஸ் அடுப்பில் காய்ச்சலாமா? எந்தப் பக்கம் பொங்க வேண்டும்? பொங்காவிட்டால்?

கேஸில் காய்ச்சலாம். மூன்று கல் வைத்து விறகில் காய்ச்சினால் அழகு. ஆனால் புதுக் குசினிக்குள் புகை பிடித்துச் சுவர் கறுத்தால் பிறகு முகம் சுளிப்பது நீங்கள்தான். முற்றத்தில் கல் வைத்தும் காய்ச்சலாம். கிழக்கு அல்லது வடக்குப் பக்கம் வழிந்தால் நல்லது என்பார்கள். அடுப்பும் பானையும் சற்றுச் சரிவாக இருக்கும் பக்கம்தான் பால் வழியும். இதற்குமேல் நான் விளக்கத் தேவையில்லை.

பொங்காமல் விடுவதற்குக் காரணம் பெரும்பாலும் பெரிய பானையும் கொஞ்சப் பாலும். சிறிய பானையை எடுத்துக் கழுத்துவரை ஊற்றுங்கள். கறந்த பாலாக இருக்கட்டும். முதல்நாள் பாலை வெயிலில் வைத்துவிட்டுக் காய்ச்சினால் திரிந்துவிடும், அந்த நேரத்தில் கிழவிகளின் முகத்தைப் பார்க்க முடியாது.

என் கணவர் இல்லை. பிள்ளைகளோடு நானே கட்டிய வீடு. நான் பால் காய்ச்சக் கூடாது, மச்சாளைக் கூப்பிடு என்கிறார்கள். என்ன செய்வது?

இந்தக் கேள்வியை என்னிடம் சத்தமாக யாரும் கேட்பதில்லை. கதிரைக் கணக்கெல்லாம் முடிந்து, போகிற நேரத்தில் படலையடியில் நின்று கேட்பார்கள்.

குடிபூரல் என்பது குடியிருக்கப்போகிறவர்கள் செய்வது. அந்த அடுப்பில் நாளைக்கும் நாளை மறுநாளும் சமைக்கப்போவது நீங்கள். காணி அனுமதிப்பத்திரம் உங்கள் பெயரில், மேசனுக்குக் கூலி கொடுத்தது நீங்கள், அத்திவாரத்துக்குக் கல் சுமந்ததும் நீங்கள். முதல் பாலை மட்டும் இன்னொருத்தி வந்து காய்ச்சிவிட்டுப் போவதில் என்ன நியாயம் இருக்கிறது? இப்போது பல ஐயர்மார் இதில் மறுப்புச் சொல்வதில்லை. நீங்கள் முன்னதாகவே "நான்தான் காய்ச்சப்போகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அன்று காலையில் கேள்வியாகக் கேட்டால்தான் நாலு பேர் நாலு பதில் சொல்வார்கள். உறவுகளோடு மல்லுக்கட்ட மனமில்லை என்றால் மகளோ மகனோ பானையைப் பிடிக்க, நீங்கள் பாலை ஊற்றுங்கள். கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர் என்றால், நெற்றியில் பொட்டு வைப்பதா விடுவதா என்பதையும் நீங்களே முடிவுசெய்யுங்கள். அன்றைக்கு அதைப் பற்றிப் பேச வருகிறவருக்கு ஒரு கதிரையைக் கொடுத்து முற்றத்தில் இருத்திவிடலாம்.

இறந்த மகனின் படத்தை அன்றே மாட்டலாமா?

முதலில் உள்ளே போவது சாமிப்படம், விளக்கு, நிறைகுடம். பால் படைத்து முடிந்த பிறகு மாட்டலாம். தென்புறம் ஒதுக்குவது வழக்கம். சில வீடுகளில் முதல்நாளே பழைய இடத்தில் அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைத்துவிட்டு, மறுநாள் படத்தைக் கொண்டுவருகிறார்கள்.

முகூர்த்தம் விடியற்காலை 4.45. யாழ்ப்பாணத்தில் இருந்து வருகிறவர்கள் எப்படி வந்து சேர்வது?

வரத் தேவையில்லை. விடியற்காலையில் வீட்டாரும் ஐயரும் பக்கத்து வீட்டாரும் போதும். அழைப்பிலேயே முகூர்த்த நேரத்தைப் போடாமல், "காலை 11 மணி முதல் மதிய போசனம்" என்று போடுங்கள். ஏ-9 வீதியில் வருகிறவர்களுக்குப் பஸ்ஸோ ரயிலோ அகப்படும். உள்ளூர் ஒழுங்கைகளுக்கு முச்சக்கரவண்டி ஒன்றை நாள் வாடகைக்குப் பேசிச் சந்தியில் விடுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டவர்கள் உங்கள் புதுவீட்டில்தான் படுப்பார்கள்.

மின்சாரம் இன்னும் வரவில்லை என்றால்?

ஜெனரேட்டரை முதல்நாள் மாலையே கொண்டுவந்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஐயர் மந்திரம் சொல்லும் இடத்திலிருந்து தூரமாக, காற்று வீட்டுக்குள் புகையைத் தள்ளாத பக்கம் வையுங்கள். ஒலிபெருக்கி போடுவதென்றால் பொலிஸ் அனுமதி எடுக்க வேண்டும். பரீட்சைக் காலம் என்றால் கேட்காமலே இருப்பது மரியாதை.

100 பேருக்கு எவ்வளவு அரிசி? மச்சம் போடலாமா?

கறிகள் ஏழெட்டு இருக்குமானால் ஆளுக்கு 100 கிராம் அரிசி என்பது பொதுவான கணக்கு. 100 பேருக்கு 10 கிலோ. வன்னியில் நான் 12 கிலோ என்றுதான் சொல்வேன். வயலில் வேலை செய்கிறவர் சாப்பாடும் கந்தோரில் இருக்கிறவர் சாப்பாடும் ஒன்றல்ல. சொன்னவர்கள் எல்லோரும் வரமாட்டார்கள் என்று குறைக்க வேண்டாம். வருகிறவர்கள் பிள்ளைகளையும் கூட்டிவருவார்கள்.

குடிபூரல் அன்று மரக்கறிதான். பருப்பு, கத்தரிக்காய், பூசணிக்காய், பயற்றங்காய், வாழைக்காய்ப் பொரியல், ஒரு சம்பல், அப்பளம், மிளகாய், வடை, பாயாசம், எருமைத் தயிர் என்றால் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். காலையில் வருகிறவர்களுக்குச் சர்க்கரைப் புக்கையும் தேநீரும். தேங்காய்ப்பால் விட்ட கறிகள் வெயிலில் மாலைவரை தாங்காது, அவற்றைக் கடைசியாகச் சமைக்கச் சொல்லுங்கள். மச்சம் வேண்டும் என்று மருமக்கள் அடம்பிடித்தால் மறுநாள் வைத்துக்கொள்ளலாம், உதவிக்கு நின்ற இளந்தாரிகளுக்கும் அது சந்தோசம்.

தண்ணீரை மறந்துவிடாதீர்கள். ஆடி, ஆவணியில் கிணறு கீழே போய்விடும். சமையல், கைகழுவல், மலசலகூடம் எல்லாம் சேர்ந்தால் ஆயிரம் லீற்றர் தாங்கி மதியத்துக்கு முன்னமே காலியாகும். பிரதேச சபைத் தண்ணீர் பவுசருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சாப்பாட்டுக்கு லஞ்ச் சீற் வாங்கலாமா?

பொலித்தீன் லஞ்ச் சீற்றுக்கு 2017 செப்டெம்பரிலேயே தடை வந்துவிட்டது. ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக் கோப்பை, தட்டுகளுக்கு 2023 ஒக்டோபரில் வந்தது. வாழையிலை வெட்டுங்கள். பந்தியில் இருக்கப் பிடிக்காதவர்களுக்குக் கோப்பைகள் வாடகைக்கு இருக்கின்றன. கழுவுவதற்கு இரண்டு பேரை ஒழுங்குசெய்வது உங்கள் பொறுப்பு.

படலையில் வாழை கட்ட வேண்டுமா? தோரணம் யார் செய்வது?

கட்டுவது அழகுதான். குலையோடு உள்ள இரண்டு வாழை, மாவிலை, தென்னோலைத் தோரணம். தோரணம் பின்னுகிறவரிடம் குடிபூரலுக்கு என்று தெளிவாகச் சொல்லுங்கள். மங்கலத் தோரணத்தில் ஓலையில் மடித்த குருவிகள் மேல்நோக்கி இருக்கும், சாவீட்டுத் தோரணம் வேறு மடிப்பு. நகரத்துப் பிள்ளைகள் அந்த வேறுபாடு தெரியாமல் கட்டிவிடுகிறார்கள், மாமிமார் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள்.

ஒட்டுசுட்டான், நெடுங்கேணி போன்ற காட்டோரத்து ஊர்களில் இருப்பவர்களுக்கு ஒரு சொல்: பொழுதுபடுவதற்கு முன் வாழையை வெட்டி வளவுக்கு வெளியே தூரத்தில் போட்டுவிடுங்கள். யானைக்கு அழைப்புச் சொல்லத் தேவையில்லை. விறாந்தையில் நெல் மூட்டை அடுக்கியிருந்தால் இன்னும் கவனம்.

மேசனுக்கும் ஓடாவிக்கும் என்ன செய்வது?

வேட்டி, சால்வை, வெற்றிலை பாக்கோடு கொஞ்சக் காசு. விருந்தாளிகள் முன்னால் கூப்பிட்டுக் கொடுங்கள். கூலிப் பாக்கி இருந்தால் அதை முதல்நாளே தீர்த்துவிடுங்கள். பாக்கியை வைத்துக்கொண்டு சால்வை போர்ப்பது நன்றாக இருக்காது.

நாங்கள் கத்தோலிக்கர். பக்கத்து வீட்டார் முஸ்லிம்கள். இதெல்லாம் எங்களுக்குப் பொருந்துமா?

பந்தல், தண்ணீர், சாப்பாட்டுக் கணக்கு எல்லாம் பொருந்தும். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் சுவாமியார் வந்து தீர்த்தம் தெளித்து வீட்டை மந்திரிப்பார். தவக்காலத்தில் கொண்டாட்டம் வைப்பதில்லை. முஸ்லிம் வீடுகளில் ஓதி, துஆ கேட்டு, சாப்பாடு கொடுப்பார்கள். இரண்டு சமயத்தவரையும் கூப்பிடும் வீட்டில் மரக்கறிச் சாப்பாடே எல்லோருக்கும் வசதி. மச்சம் என்றால் இறைச்சி ஹலாலா என்று அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்கே கடன். விருந்துக்கு இன்னும் கொஞ்சம் எடுக்கலாமா? வருகிற அன்பளிப்பில் கட்டிவிடலாம்தானே?

எடுக்காதீர்கள். அன்பளிப்பை நம்பி நுண்கடன் எடுத்தவர்கள் கிழமைத் தவணைக்கு ஆள் வரும்போது பின்படலையால் போகிறார்கள். வருகிற அன்பளிப்பில் பாதி சுவர் மணிக்கூடு. எல்லா அறைக்கும் மாட்டி மிஞ்சியதை அடுத்த குடிபூரலுக்குத்தான் கொடுக்கலாம். கதிரை குறைந்தால் என் வருமானம்தான் குறையும், ஆனாலும் சொல்கிறேன்: 30 பேருக்கு நிறைவாகப் போடுவது 200 பேருக்குக் கடன்பட்டுப் போடுவதைவிட நல்லது. சில ஊர்களில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திடம் கதிரையும் கிடாரமும் இருக்கும். அங்கேயும் கேட்டுப் பாருங்கள்.

எல்லாம் ஒழுங்குசெய்தாயிற்று. நாலு நாளுக்கு முன் சித்தப்பா இறந்துவிட்டார். இனி?

துடக்கு (சாவுத் தீட்டு) என்றால் நிறுத்த வேண்டும். தகப்பன் வழிப் பங்காளிகளுக்கு 31ஆம் நாள் அந்தியேட்டி முடியும்வரை மங்கல காரியம் இல்லை. அதற்குப் பிறகு வைக்கலாமா, ஆண்டுத்திவசம்வரை பொறுப்பதா என்பது உறவின் நெருக்கத்தைப் பொறுத்தது. இறந்தது தாய் தகப்பன் என்றால் பலர் ஓராண்டு பொறுக்கிறார்கள். பந்தற்காரரிடமும் சமையற்காரரிடமும் அன்றே சொல்லிவிடுங்கள். சாவீட்டுக்காக நிறுத்தியவரிடம் முற்பணத்தை வைத்துக்கொள்கிறவரை நான் இங்கே கண்டதில்லை. பெரும்பாலும் அந்தக் கதிரைகளே சாவீட்டுக்குப் போகும்.

இருக்க வேறு இடமில்லை, வாடகை வீட்டை விட வேண்டிய நாள் வந்துவிட்டது என்றால் சாமான்களோடு போய் இருங்கள். நல்ல நாள் வந்ததும் பால் காய்ச்சுங்கள். இடம்பெயர்ந்த காலத்தில் நாள் பார்த்தா தறப்பாளுக்குள் புகுந்தோம்?

வீட்டுக்காரர் லண்டனில். நாங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்கள். யார் பால் காய்ச்சுவது? முடிந்ததும் பூட்டிவிட்டுப் போகலாமா?

பூட்டக் கூடாது. குடிபுகுந்த அன்று இரவு வீட்டில் விளக்கு எரிய வேண்டும், யாராவது படுக்க வேண்டும். மூன்று நாளாவது இருந்தால் நல்லது என்பார்கள்.

வீட்டுக்காரர் வந்து நிற்கிறார் என்றால் அவர் காய்ச்சட்டும். வராமல் வீடியோ அழைப்பில் பார்க்கிறார் என்றால், கணவர் இல்லாத சகோதரிக்கு மேலே சொன்ன அதே பதில்: அங்கே இருக்கப்போகிற நீங்கள் காய்ச்சுங்கள். சங்கற்பத்தில் அவருடைய பெயரையும் நட்சத்திரத்தையும் ஐயர் சொல்லுவார். முன்னதாக அவரிடம் பேசி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு கதை வராது. வீடியோவுக்குக் கைபேசியைப் பிடிப்பவர் அடுப்புக்கு மிகக் கிட்டப் போக வேண்டாம். லண்டனில் அப்போது நள்ளிரவு, அவர்கள் தூக்கக் கலக்கத்தில் பார்ப்பது பால் பானையைத்தான், ஆவி படிந்த திரையை அல்ல. சிக்னல் முற்றத்தில்தான் கிடைக்கும் என்றால் அடுப்பையும் முற்றத்தில் வையுங்கள்.